சின்னக் கேசிங் டெஸ்க்டொப்புக்கு கிராபிக்ஸ் கார்ட் வாங்க முதல் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

வணக்கம். யாழ்ப்பாணத்துக் கடைகளில் செகண்ட் ஹாண்டாக வருகிற ஒடுங்கின டெஸ்க்டொப்கள் இருக்கின்றன அல்லவா, டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் மாதிரி, அதில் ஒன்று உங்கள் மேசையிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு ஐ5, 8 ஜிபி ரம், ஒரு எஸ்எஸ்டி. படிப்புக்கும் ஒஃபிஸ் வேலைக்கும் அது தாராளம். கேம், வீடியோ எடிட்டிங் என்று வரும்போதுதான் இழுக்கத் தொடங்கும். உடனே கொழும்பு யூனிட்டி பிளாசாப் பக்கம் ஃபோன் போட்டு நல்ல கிராபிக்ஸ் கார்ட் என்ன விலை என்று கேட்கிறோம். கொஞ்சம் பொறுங்கள். இந்த வகை மெஷினில் எந்தக் கார்ட் போகும் என்று முடிவெடுப்பது கேசிங்தான், காசுக் கணக்கு அதற்குப் பிறகு.

[காட்சி: மூடி கழற்றிய டெஸ்க்டொப், பவர் சப்ளை லேபல் கிட்டத்தில்]

முதலில் பவர் சப்ளையில் ஒட்டியிருக்கிற லேபலை வாசியுங்கள். பெரும்பாலும் 180 இலிருந்து 255 வாட்ஸ் வரைதான் இருக்கும். பெரிய கேசிங் என்றால் பவர் சப்ளையை மாற்றிவிடலாம், இங்கே அது லேசில் ஏலாது, ஏனென்றால் அதன் வடிவமும் கொம்பனியின் சொந்த வடிவம், மதர்போர்டுக்குப் போகிற பிளக்கும் பல மொடல்களில் வழமையான 24 பின் பிளக் கிடையாது. இருக்கிறதை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் கார்டைக் குத்துகிற நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லொட் ஒரு கார்டுக்குக் கூடினது 75 வாட்ஸ் கொடுக்கும். ஐ5 புரொசெசருக்கு 65 அல்லது 84 வாட்ஸ், மற்ற எல்லாவற்றுக்குமாக ஒரு 30 வைத்துக்கொள்ளுங்கள். 240 வாட்ஸ் சப்ளை இதைத் தாங்கும். 180 என்றால் 75 வாட்ஸ் கார்டைப் போடச் சொல்லமாட்டேன், 30, 50 வாட்ஸ் கார்டுகள் பக்கம் போங்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சில ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகளுக்கு மேலே 6 பின் பவர் பிளக் தேவை, அது உங்கள் சப்ளையில் இருக்காது. ஹார்ட் டிஸ்குக்குப் பவர் கொடுக்கிற சாட்டா வயரைக் காட்டி, "சாட்டா வயரிலிருந்து 6 பின்னுக்கு ஒரு கொன்வேர்ட்டர் போடலாம் தம்பி, ஒன்றும் செய்யாது" என்பார்கள். செய்யும். சாட்டா பிளக்கில் 12 வோல்ட் பக்கம் 4.5 அம்பியர்தான், அதாவது 54 வாட்ஸ். 6 பின் கேட்கக்கூடியது 75. அளவுக்கு மிஞ்சின கரண்ட் போனால் வயரும் பிளக்கும் சூடாகி, பிளாஸ்டிக் உருகும் மட்டும் போகலாம். பிள்ளைகள் படிக்கிற அறையில் வைக்கிற மெஷின் இது. 6 பின் இல்லாத கார்டை மட்டும் வாங்குங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

அப்புறம் ஒரு அடிமட்டம் எடுங்கள். சாதாரண கார்டின் பின்பக்கத் தகடு 12 சென்ரிமீற்றர் உயரம், ஒடுங்கின கேசிங்கில் போகிறது 8 சென்ரிமீற்றர் உள்ள லோ புரொஃபைல் தகடு. செகண்ட் ஹாண்ட் கார்ட் வாங்கினால் அந்தச் சின்னத் தகடும் கூட வருகிறதா என்று கேளுங்கள், தனியாகத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நீளமான ஸ்லொட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் வடிவாகப் பாருங்கள். சில மொடல்களில் அது பவர் சப்ளையோடு ஒட்டினபடி இருக்கும், அங்கே இரண்டு ஸ்லொட் தடிப்புள்ள கார்ட் இறங்காது.

[காட்சி: மூன்று கார்டுகள் பக்கத்தில் பக்கத்தில்]

சரி, எதை வாங்கலாம்? 240 வாட்ஸும் இரண்டு ஸ்லொட் இடமும் இருந்தால் என் முதல் தெரிவு 2024இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி லோ புரொஃபைல் கார்ட், 70 வாட்ஸ்தான். காசு பத்தாது என்றால் 6 பின் இல்லாத ஜிடிஎக்ஸ் 1650. ஒரு ஸ்லொட் இடம் மட்டும் என்றால் ஆர்எக்ஸ் 6400, 53 வாட்ஸ். ஆனால் அதில் வீடியோவை என்கோட் பண்ணுகிற, அதாவது எடிட் பண்ணினதைச் சுருக்கி ஃபைலாக்குகிற ஹாட்வெயார் இல்லை, ஆகவே எடிட்டிங்குக்கென்று வாங்க வேண்டாம். ஸ்லொட்டோடு டேட்டா போய்வருகிற பாதை, அதாவது லேன், நாலு மட்டும் உள்ள கார்ட் அது, பழைய பிசிஐ 3.0 போர்டில் அந்த வழியின் வேகமும் பாதியாகிவிடும். ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதுதானா என்று பெட்டியைப் பாருங்கள், அதே பெயரில் டிடிஆர்4 போட்டு வருகிறதன் மெமரி வேகம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான்.

ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மலிவாக வரும், ஆனால் அந்தத் தலைமுறைக்கு என்விடியா புதிய கேம் டிரைவர் கொடுப்பதை 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. போலிகளும் இதே பெயரில்தான் கூட. அசல் 1050 டிஐயின் சிப்பில் விஜிஏ போர்ட்டுக்குத் தேவையான அனலொக் அவுட்புட் கிடையாது, விஜிஏ போர்ட் உள்ள 1050 டிஐ கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். காசைக் கையில் கொடுக்க முதல் கடையிலேயே, கார்டில் உள்ள சிப்பைக் காட்டுகிற ஜிபியூ-இசட் என்ற புரோகிராமை ஓட்டிப் பாருங்கள், பெயர் மாற்றின பழைய சிப் என்றால் அது காட்டிக்கொடுக்கும்.

பூட்டுவது பெரிய வேலை இல்லை. மெஷினைத் தொடக்கிவைக்கிற மதர்போர்ட் புரோகிராமான பயோஸை முதலே அப்டேட் பண்ணுங்கள், பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருதரம் அமத்தி, கேசிங் தகரத்தைத் தொட்டுவிட்டு கார்டை நேராக இறக்குங்கள். மொனிட்டர் கேபிளைக் கார்டில் குத்துங்கள், மதர்போர்டில் அல்ல. மொனிட்டர் விஜிஏ மட்டும் உள்ளது என்றால் எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுகிற கொன்வேர்ட்டரும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.

கடைசியாகச் சூடு. சோளகக் காலத்தில் எங்கள் வீடுகளுக்குள் வருகிற புழுதி இந்தச் சின்னக் கேசிங்கின் முன்வலையில்தான் போய்ப் படியும், காற்று உள்ளே போகாது. பூட்டின அன்றைக்கே அரை மணித்தியாலம் கேம் ஓட்டி வெப்பநிலையைப் பாருங்கள். 85 பாகையைத் தொட்டு இறங்காமல் நின்றால் வலையையும் ஃபானையும் துடைத்து, மெஷினைச் சுவரிலிருந்தும் அலுமாரித் தட்டுக்குள்ளிருந்தும் வெளியே எடுத்து வைத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.