உடையவன் பாராத சிலைகள்

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, ஒரு கல்யாண வரவேற்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, கோயில் தக்கார் அவர்களே, குருக்கள் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, பரீட்சைப் புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். காசு வாங்காமல் மைக் செட் போட்டுக் கொடுத்த தம்பிக்குத் தனியாக ஒரு வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த தடவை அதற்குப் பதில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நாடு விட்டு நாடு நடந்த கலைப்பொருள் வியாபாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். விற்றவர்கள், வாங்கியவர்கள், சட்டங்கள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். என் பாட்டிக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி வரும்: உடையவன் பாராப் பயிர் உருப்படாது. அதை ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர்களில் பெரிய கை சி.டி. லூ. 1880-ல் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் பிறந்தவர். 1902-ல் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வேலையாளாகப் பாரிஸுக்குப் போனார். அந்தப் பிள்ளை அங்கே திறந்த கடையில் தொழில் பழகினார். சில ஆண்டுகளில் சொந்தக் கடை, 1915-ல் நியூயார்க்கில் கிளை. 1926-ல் பாரிஸின் கூர்செல் தெருவில் ஒரு பழைய மாளிகையைச் சிவப்புச் சீனப் பகோடாவாக மாற்றி, அதையே காட்சிக்கூடமாக வைத்துக்கொண்டார். சரக்கைவிடக் கடைக்குப் பெயர் வந்தால் வியாபாரம் பாதி முடிந்தது. இது நம் ஊர் நகைக்கடைக்காரர்களுக்கும் தெரியும்.

இப்போது ஒரு குதிரைக் கதை சொல்கிறேன். சீனாவை ஆண்ட டாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங் தம் கல்லறைக்கு ஆறு குதிரைகளைக் கல்லில் செதுக்கச் சொன்னார். ஆறும் போரில் அவரைச் சுமந்தவை. ஒன்றின் பெயர் இலையுதிர்காலத்துப் பனித்துளி. லோயாங் பக்கம் நடந்த சண்டையில் தாய்சோங் தம் படையை விட்டுத் தனியாக மாட்டிக்கொண்டார். அப்போது அவர் இளவரசர். குதிரையின் மார்பில் அம்பு. சியு சிங்கொங் என்ற தளபதி ஓடி வந்து தன் குதிரையிலிருந்து குதித்து, 'நீங்கள் ஏறுங்கள்' என்று அதைக் கொடுத்துவிட்டு, தான் நடந்தே வாளைச் சுழற்றி வழி உண்டாக்கினான். கல்லில் இருப்பது அதற்கு முந்தைய ஒரே கணம். தளபதி அம்பைப் பிடுங்குகிறான். குதிரை வலியில் லேசாகப் பின்வாங்கினாலும் அவன்மேல் தலையைச் சாய்த்து நிற்கிறது. ஆறு கற்களில் மனிதன் இருப்பது இந்த ஒன்றில் மட்டும்தான். படத்தில் பார்த்தாலே தொண்டை அடைக்கும்.

சரி, அந்தக் குதிரை இன்று எங்கே? பிலடெல்பியாவில்! லூவின் கைவழியாக 1918-ல் இரண்டு குதிரைகள் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. விலை 125,000 டாலர். பணம் கொடுத்தவர் யார் தெரியுமா? விக்டர் கிராமபோன் கம்பெனியை நிறுவிய எல்ட்ரிட்ஜ் ஜான்சன். தாத்தா வீட்டு இசைத்தட்டில் குழாய்க்கு முன்னால் காதைக் கொடுத்துக்கொண்டு ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அதே நாய்தான் அவர் கம்பெனிக்கும் சின்னம். நாய் சம்பாதித்துக் குதிரை வாங்கிய கதை இது. (இங்கே அவையில் நல்ல சிரிப்பு.) மற்ற நான்கு குதிரைகள் வெளியே போவதற்குள் தடுக்கப்பட்டன. அவை இப்போது சியான் நகரத்து அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. தடுக்க ஆள் இருந்தது, நின்றது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது!

குதிரையிலேயே நேரம் போய்விட்டது. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாங்கியவர்களைப் பற்றி நிறைய இருக்கிறது. பழைய கலைப்பொருள்களுக்கு இருந்த இறக்குமதி வரியை அமெரிக்கா 1909-ல் எடுத்ததும் மார்கன் போன்ற கோடீசுவரர்கள் ஐரோப்பாவில் வைத்திருந்ததையெல்லாம் கப்பலேற்றிய கதை தனி. அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். நான் நேரே காஞ்சிபுரத்துக்கு வருகிறேன்.

புதுச்சேரியில் ஜூவோ துப்ராய் என்று ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் மறைந்திருந்த பல்லவ ஓவியங்களை 1931-ல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். தென்னிந்தியக் கலை வரலாறு படிப்பவர்கள் அவர் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. அதே மனிதர்தான் 1920-களில் காஞ்சிபுரத்துப் பக்கம் கிடைத்த யோகினி என்ற பெண் தெய்வங்களின் சிலைகளைப் பாரிஸில் இருந்த லூவுக்கு அனுப்பியவரும். பத்தாம் நூற்றாண்டுக் கருங்கல் பெண்கள்; விரிந்த சடை, கோரைப்பல், உட்கார்ந்த கோலம். கூட்டமாக இருக்க வேண்டியவர்கள். இன்று பாரிஸ் கிமே அருங்காட்சியகத்தில் ஒருத்தி, லண்டனில் ஒருத்தி, வாஷிங்டனில் ஒருத்தி, டொரண்டோவில், மினியாபொலிஸில் என்று ஆளுக்கொரு ஊர்.

சட்டம் இல்லையா என்பீர்கள். இருந்தது. 1904-ஆம் ஆண்டுப் புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டம், பழம்பொருள் ஏற்றுமதியைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. அதிகாரம் கொடுப்பது வேறு, அதைக் கையில் எடுப்பது வேறு. அதோடு புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். பிரிட்டிஷ் சட்டம் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும், கப்பல் நிற்காது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

என்னை உறுத்துவது அந்த யோகினிகள் போனது மட்டுமில்லை. அவர்கள் இருந்த கோயில் எது என்று இன்று யாராலும் கைகாட்ட முடியவில்லை. கட்டடம் மிஞ்சவில்லை, எடுப்பதற்கு முன் யார் எங்கே எந்த வரிசையில் இருந்தார்கள் என்ற படமும் இல்லை. லூ பின்னாளில், தம்மால் சீனப் பொக்கிஷங்கள் சிதறியதற்கு வெட்கப்படுவதாக எழுதினார். கூடவே, கலைக்கு எல்லை கிடையாது என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டார். கலைக்கு எல்லை இல்லாமல் இருக்கலாம். கோயிலுக்கு முகவரி உண்டு.

இதற்கு நேர்மாறாக ஒன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் திருடுபோய், 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. 2014-ல் திரும்பி வந்தார். எப்படி? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திடம் அவர் கோயிலில் இருந்தபோது எடுத்த பழைய புகைப்படம் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், பேச்சு முடிந்தது. யோகினிகள் போனதும் புதுச்சேரி வழி, நடராசரைக் காட்டிக்கொடுத்ததும் புதுச்சேரி. அந்த ஊர்மேல் கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். நம் பேரூராட்சிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சிலைப் பதிவேடு வேண்டும். சன்னதிக் கோயிலுக்கு மட்டுமில்லை. வயல் நடுவே நிற்கும் தவ்வைக்கும் (மூதேவி என்போமே, அவள்தான்), குளக்கரைப் பிள்ளையாருக்கும் சேர்த்துத்தான். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பீடம், பக்கத்தில் டேப் வைத்து உயரம். பின்பக்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். வார்ப்பில் விழுந்த குழியும் பழைய உடைசலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அடையாளம் சொல்வது அவைதான். உற்சவரைப் பட்டும் மாலையுமாக எடுத்த படம் வீட்டுப் பூஜை அறைக்கு நல்லது, வழக்குக்கு உதவாது. அபிஷேகத்துக்காக அலங்காரம் களையும்போது எடுக்க வேண்டும். குருக்கள் ஐயா இருக்கிறார், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு படமும் கிடையாது. உடையவன் பாராப் பயிர் உருப்படாது என்று மூன்றாவது முறை சொன்னதற்கு மன்னிக்கவும். பாட்டி இருந்திருந்தால் முப்பது முறை சொல்லியிருப்பாள்.

பதிவேட்டின் ஒரு பிரதி கோயிலில், ஒன்று இந்த நூலகத்தில், ஒன்று தக்கார் ஐயா அலுவலகத்தில். அவர் தலையசைத்துவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள். தலைவர் அம்மா பேரூராட்சிச் செலவில் நோட்டு வாங்கித் தருவதாக மேடையேறும்போதே சொன்னார். சொல்லவில்லை என்றால் இப்போது சொல்லிவிடட்டும். வாசலில் நூலகர் ஒரு தாள் வைத்திருக்கிறார். நல்ல கேமரா உள்ள செல்பேசி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பெயரும் தெருவும் எழுதிவிட்டுப் போங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளக்கரையில் தொடங்குகிறோம். தையல் கடைக்காரர் யாராவது வந்திருந்தால், தயவுசெய்து டேப்பையும் கொண்டு வாருங்கள்.