பெரியப்பா வண்டியின் கியர் பாக்ஸ் மவுண்டிங்: ஒரு ரப்பருக்கு ஐந்து வாரம்

வணக்கம். காபி ஆறினாலும் பரவாயில்லை, முதலில் இதைப் பேசிவிடுகிறேன். வண்டியில் ஏற்றுவதற்குமுன் மேசைமேல் வைத்து எடுத்த இந்தப் படத்தில் இருக்கும் இரண்டு ரப்பர்களையும் பாருங்கள். இடது பக்கம் இருப்பது முந்தாநாள் இங்கிலாந்திலிருந்து பளபளப்பான பெட்டியில் வந்தது. வலது பக்கம் இருப்பது அம்பத்தூரில் செய்து, பழைய செய்தித்தாளில் சுற்றித் தரப்பட்டது. இவற்றுள் ஒன்று 6,240 ரூபாய், மற்றது அதில் பாதிகூட இல்லை. வண்டியில் ஏறியது எது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பீர்கள்.

பெரியப்பாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குச் சேஸிஸ் (அடிச்சட்டம்) வெல்டிங் செய்த காணொளியின் இறுதியில், "அடுத்த வாரம் கியர் பாக்ஸை ஏற்றிவிடலாம்" என்று துணிச்சலாகச் சொல்லியிருந்தேன். அந்த அடுத்த வாரம் வருவதற்கு ஐந்து வாரங்கள் ஆகிவிட்டன. காரணம் உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பொருள்தான். கியர் பாக்ஸின் வால்பகுதி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் நேராக உட்காராமல், இரும்புத் தகடுகளோடு ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும். சில பட்டறைகளில் இதை ஃபவுண்டேஷன் ரப்பர் என்பார்கள். நான் மவுண்டிங் என்றே சொல்கிறேன்.

இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று போன முறை ஒருவர் கேட்டிருந்தார். ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அவசியம் உண்டு. அம்பாசிடரில் பின் ஆக்ஸில் மேலும் கீழும் ஆடுவதால், கியர் பாக்ஸிலிருந்து பின்பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் ஓடும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் (அந்தச் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சேஸிஸோடு பொருத்தப்பட்டிருக்கிறது. சக்கரங்கள் மட்டுமே தனித்தனியாக ஆடும். ஆகவே ஷாஃப்டின் ஒரு முனை நகராது. மறுமுனையின் உயரத்தைத் தீர்மானிப்பது இந்த ரப்பர்தான். அது நைந்து வால்பகுதி கீழே இறங்கிவிட்டால், அந்தப் பிசகான கோணம் எல்லா வேகத்திலும் நிலையாக இருந்து, அதிர்வாக இருக்கைக்கு வந்துசேரும். பெரியப்பா கடைசி வருடங்களில் "வண்டி முனகுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. இது 1967ஆம் ஆண்டின் இரண்டு கதவு ஹெரால்ட், 1961இலிருந்து சென்னையில் தயாரான வண்டி. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை இருந்த இடத்தைத் தாண்டித்தான் நான் இன்றும் தாம்பரம் போகிறேன். இங்கிலாந்தில் இதே வண்டிக்கு டிரையம்ப் ஹெரால்ட் என்று பெயர். அங்கே இன்ஜின் 948 சிசியிலிருந்து 1147, பிறகு 1296 என்று வளர்ந்துகொண்டே போனது. இங்கே கடைசிவரை 948 சிசியிலேயே நின்றுவிட்டது. நமக்கு மட்டுமே நான்கு கதவு ஹெரால்ட் கிடைத்தது, அதற்குப் பின் 1970களில் கசெல் என்ற கார் வந்தது. என் தலைவலிக்கு வேர் இந்தக் குடும்ப வரலாற்றில்தான் இருக்கிறது.

எப்படி என்றால், இங்கிலாந்தில் ஹெரால்ட் சேஸிஸை வைத்தே 1962இல் விட்டெஸ், ஸ்பிட்ஃபயர் என்று உறவுக்கார வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கு ஓவர்டிரைவ் (இன்ஜின் குறைவாகச் சுற்றியே வேகமாக ஓட உதவும் கூடுதல் கியர் அமைப்பு) பொருத்திய, வால் நீண்ட கியர் பாக்ஸ் உண்டு. 1974இல் வந்த ஸ்பிட்ஃபயர் 1500 வண்டியிலோ கியர் பாக்ஸே வேறு. ஆனால் உதிரிபாகம் விற்கிறவர்களின் பட்டியலில் பெரும்பாலும் "ஹெரால்ட், விட்டெஸ், ஸ்பிட்ஃபயர்" என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கும். நானும் அதை நம்பிப் பணம் கட்டினேன். பொருளின் விலை 1,900 ரூபாய், கூரியர் 3,150 ரூபாய், சுங்கமும் கையாளும் கட்டணமும் சேர்ந்து 1,190 ரூபாய். ரப்பர் வந்த செலவு ரப்பரின் விலையைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதை இன்னொரு முறை சொன்னால்தான் என் மனம் ஆறும்: 4,340 ரூபாய்! பெட்டியைத் திறந்து பழைய தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு துளைகூடச் சேரவில்லை. அது ஓவர்டிரைவ் கியர் பாக்ஸுக்கான மவுண்டிங். விற்றவருக்கு எழுதினேன். திருப்பி அனுப்பலாம், கூரியர் செலவு என்னுடையது என்று மிகவும் கனிவாகப் பதில் வந்தது.

பார்சலுக்குக் காத்திருந்த நாட்களில், சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போயிருந்தேன். முதல் கடையில் "சாரை வரச் சொல்லுங்கம்மா" என்றார்கள். வண்டியில் சார் யாரும் இல்லை, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று சொன்ன பிறகு, அம்பாசிடர் மவுண்டிங் ஒன்றை எடுத்து வைத்து, "எல்லாம் ஒன்றுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம்" என்றார் கல்லாவில் இருந்தவர். அட்ஜஸ்ட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். 1489 சிசி இன்ஜினையும் அதற்கேற்ற கியர் பாக்ஸையும் தாங்குவதற்குச் செய்த ரப்பரை இந்தச் சின்ன வண்டிக்கு வைத்தால், துளையை இழுத்து, வாஷரை அடுக்கி, உயரத்தைக் குலைத்து, அதிர்வை அடக்க வந்த பொருளையே அதிர்வுக்குக் காரணமாக்கிவிடலாம். அடுத்த கடையில் சிவப்பு நிறப் பாலியூரித்தேன் துண்டு ஒன்றைக் காட்டினார்கள். பந்தய வண்டிக்கு அது பொருந்தலாம். எனக்கு அந்த நிறமும் பிடிக்காது, அது அதிர்வை அப்படியே வண்டியின் உடலுக்குக் கடத்துவதும் பிடிக்காது.

மூன்றாவது கடையில்தான் ஒரு பெரியவர் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "பழசைக் கொண்டு வந்தாயாம்மா?" வண்டியின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துளைக்குத் துளை இடைவெளியை அடிக்கோலால் அளந்தார். பிறகு பரணில் ஏறிய பையனுக்குக் கீழே இருந்தபடியே வழி சொன்னார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு செட் இறங்கி வந்தது. தகடு, துளை, வளைவு எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. விலை 400 ரூபாய். வீடு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

மகிழ்ச்சி இரவு வரைக்கும்தான் நீடித்தது. ரப்பரை நகத்தால் அழுத்தினேன், அது மரக்கட்டைபோல இருந்தது. ஓரத்தில் மெல்லிய வெடிப்புகள். விற்காமல் பெட்டியில் இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறத்தான் செய்யும். காற்றிலுள்ள ஓசோனும் வெப்பமும் அதை இறுக வைத்து, மேல்தோலில் கீறல் விடவைத்துவிடும். பழைய சரக்கு என்றால் உலோகப் பாகத்தை நம்புங்கள், ரப்பரை நம்பாதீர்கள். ஆனால் எனக்கு வேண்டிய தகடு கையில் இருந்தது. அதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வார்க்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். அங்கே கடினத்தன்மை பார்க்கும் கடிகாரம் போன்ற ஒரு கருவியை அழுத்தினார்கள்; பழைய சரக்கு ஷோர் ஏ அளவில் 80 காட்டியது. மவுண்டிங்குக்கு 55 முதல் 60 வரை இருந்தால் போதும் என்றார் பட்டறைக்காரர். ஒட்டியிருந்த ரப்பரை முழுதும் நீக்கி, தகட்டைச் சுத்தம் செய்து, பிடிப்புப் பசை பூசி, அலுமினிய டையில் (வார்ப்பு அச்சு) வைத்துச் சூட்டோடு அழுத்தி வார்த்துக் கொடுத்தார்கள். டைக்கு 1,800, வார்ப்புக்கு 650. தகட்டின் 400ஐயும் சேர்த்தால் மொத்தம் 2,850 ரூபாய். டை இனி என்னுடையது. அடுத்த செட் 650 ரூபாயிலேயே முடிந்துவிடும்.

இயற்கை ரப்பரா, நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரா என்று அங்கே அரை மணி நேரம் விவாதம் நடந்தது. இயற்கை ரப்பர் அதிர்வை நன்றாக விழுங்கும், ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து மென்மையாகிவிடும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும், ஆனால் அவ்வளவு இதமாக ஆடாது. நான் இயற்கை ரப்பரையே எடுத்தேன். எங்கள் பழைய ரப்பர் ஊறிப்போனதற்கு அதன்மேல் குற்றமில்லை, வால்பகுதியின் ஆயில் சீல் ஒழுகிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்தச் சீலை மாற்றிவிட்டேன். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்: சீலை மாற்றாமல் புது மவுண்டிங் போடுவது ஒழுகும் கூரையின் கீழே புதுப் பாய் விரிப்பதுபோல.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன், கியர் பாக்ஸைக் கழற்றிய விதம். ஹெரால்டில் கியர் பாக்ஸைக் கீழே படுத்து இறக்க வேண்டியதில்லை. முன் இருக்கைகளை எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால், வண்டிக்குள்ளேயிருந்தே தூக்கி எடுத்துவிடலாம். இதை வடிவமைத்தவர்களுக்கு நான் தினமும் ஒரு கும்பிடு போடுகிறேன். இன்ஜினின் பின்பக்கம் தொங்கிவிடாமல் இருக்க, சம்ப்பின் (இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) கீழ் மரப்பலகை வைத்து ஜாக் கொடுத்திருந்தேன். பலகை இல்லாமல் ஜாக்கை நேராக வைத்தால் சம்ப் நசுங்கும்.

இப்போது போல்ட். இதற்காகவே தனிக் காணொளி போடலாம் என்று நினைத்தேன், ஆனால் நீங்கள் பொறுமைசாலிகள். மவுண்டிங்கின் போல்ட்டைக் கழற்றும்போது அரை இன்ச் ஸ்பேனர் தலையில் ஏறவே இல்லை, 13 எம்எம் ஸ்பேனரோ கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதே வயிற்றில் புளி கரைத்தது. இந்த வண்டியில் மரைகள் யூஎன்எஃப் வகை, அதாவது இன்ச் கணக்கில் அமைந்த நெருக்கமான மரை. அந்த இடத்தில் இருக்க வேண்டிய போல்ட் ஐந்துக்குப் பதினாறு இன்ச், அதாவது 7.94 எம்எம் தடிமன், ஒரு இன்ச்சுக்கு 24 மரை. எவரோ ஒருவர் அதில் 8 எம்எம் மெட்ரிக் போல்ட்டை முறுக்கி ஏற்றியிருக்கிறார். தடிமனில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மெட்ரிக் போல்ட்டின் மரை இடைவெளி 1.25 எம்எம், இதற்கு வேண்டியது சுமார் 1.06 எம்எம். முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும், அதன்பின் வலுக்கட்டாயம்தான், துளையின் மரை முழுதும் அரைபட்டுப்போகும். அரைபட்ட துளைக்கு ஹெலிகாயில் (புது மரையாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்) போட்டு மரையை மீட்டேன். மூன்று மணி நேரம். முடிந்ததும் சரியான போல்ட் கையாலேயே கடைசிவரை போனபோது, தனியாக நின்று கைதட்டினேன்.

அந்தப் போல்ட் எங்கே கிடைத்தது தெரியுமா? புதுப்பேட்டையில், பிரித்துப்போட்ட அம்பாசிடர் ஒன்றிலிருந்து. பழைய 1489 சிசி இன்ஜினிலும் யூஎன்எஃப் மரைதான். ஆறு போல்ட் 60 ரூபாய். ரப்பரில் பொருந்தாத அம்பாசிடர் போல்ட்டில் பொருந்திவிட்டது. முதல் கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நேற்று மாலை கியர் பாக்ஸ் ஏறிவிட்டது. மவுண்டிங் போல்ட்டுகளை முதலில் தளர்வாகவே விட்டு, ஜாக்கை மெல்ல இறக்கி, எடை முழுதும் ரப்பரில் இறங்கிய பிறகுதான் இறுக்கினேன். முன்கூட்டியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே உட்காரும். வால்பகுதியின் உயரத்தை அளந்தேன். பழைய ரப்பரில் இருந்ததைவிட 6 எம்எம் மேலே நிற்கிறது. கியர் லீவர் மூடியின் துளைக்கு நடுவில் வந்து நிற்கிறது, ஓரத்தில் இடிக்கவில்லை. ஷாஃப்டை மாட்டி ஓட்டிப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை.

பழைய ரப்பர் வழக்கம்போலப் பிஸ்கட் டப்பாவுக்குப் போய்விட்டது, நீல நோட்டில் அளவுகளையும் எழுதிவிட்டேன். இந்த 6,240 ரூபாய் மவுண்டிங்தான் மிச்சம். ஓவர்டிரைவ் பொருத்திய விட்டெஸோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், கீழே எழுதுங்கள், 1,900 ரூபாய்க்கே தருகிறேன். பழைய மவுண்டிங்கின் துளைகளை அளந்து அனுப்பிய பிறகுதான் பார்சல் கட்டுவேன். கூரியர் செலவு உங்களுடையது.