சூடம், கைக்கோடாரி, ஹானபூட்: கேப்டவுனிலிருந்து ஒரு நாள் ஒயின் பயணம்

[காட்சி: உள்ளங்கையில் உதிர்ந்த இலை ஒன்று. இரண்டு விரல்கள் அதைக் கசக்குகின்றன.]

இந்த வாசனையை வீடியோவில் அனுப்ப முடியவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம். கசக்கி மூக்கருகே கொண்டுபோனால் அப்படியே சூடம். கோயிலில் தீபாராதனை முடிந்து தட்டு நம் முன்னால் வரும்போது அடிக்குமே, அதே வாசனை. இந்த இலை விழுந்து கிடப்பது தென்னாப்பிரிக்காவில், ஒரு ஒயின் பண்ணையின் முற்றத்தில். மரத்துக்கு வயது முந்நூறுக்கு மேல்.

வணக்கம். கேப்டவுனிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடக்கூடிய ஒரு சின்னக் குழுப் பயணத்தைப் பற்றி இன்று சொல்கிறேன். ஒயின் பண்ணை, இந்த ஊர்ச் சாப்பாடு, பழைய வரலாறு, மூன்றும் அதில் உண்டு. நான் இங்கே பதிவு பெற்ற கைடு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், சிங்கப்பூர்க்காரர்கள், டர்பன் தமிழர்கள் என்று எட்டு எட்டுப் பேராக அழைத்துப்போவது என் வேலை.

எட்டு என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதல் தடவை இந்தப் பக்கம் வந்தது ஒரு பெரிய பஸ்ஸில், நாற்பது பேரோடு. ஒரே நாளில் ஐந்து பண்ணை. மூன்றாவதற்கு மேல் எதைக் குடித்தோம் என்றே நினைவில்லை. ஒரு பண்ணையில் வெள்ளையடித்த இரண்டு தூண்களுக்கு நடுவே பெரிய மணி ஒன்று தொங்கியது. எதற்கு இது என்று கேட்டேன். பஸ் கிளம்புகிறது, ஏறுங்கள் என்றார்கள். பல மாதம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அடிமைகளை வேலைக்குக் கூப்பிடவும், வேலை முடிந்தது என்று சொல்லவும் அடித்த மணி. அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கிற பயணத்தைத்தான் நான் நடத்த நினைத்தேன். அதனால் இரண்டே பண்ணை, எட்டே பேர்.

[காட்சி: மினிபஸ். ஜன்னலுக்கு வெளியே என்-2 நெடுஞ்சாலை, தூரத்தில் நீல மலைகள்.]

காலை எட்டரைக்குக் கிளம்பினால் ஒரு மணி நேரத்துக்குள் முதல் இடம். வண்டியை நீங்களே ஓட்டிவரலாம் என்று நினைக்காதீர்கள். இங்கே சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக்கூடாது. ருசி பார்க்கிற சின்னச் சின்னக் கிளாஸ்களே சேர்ந்து அந்தக் கணக்கைத் தாண்டிவிடும். பிப்ரவரி, மார்ச் அறுவடைக் காலம், கொடியில் பழத்தோடு பார்க்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிரும் மழையும். ஸ்வெட்டர் எந்த மாதமும் வேண்டும்.

ஒயின் குடிக்காதவர்கள் வரலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாக வாருங்கள். என் குழுக்களில் பாதிப் பேர் தொடுவதில்லை. பல பண்ணைகளில் திராட்சைச் சாறு தருகிறார்கள். மோந்து பார்ப்பதற்கு யாருக்கும் தடை இல்லை, ஒயினில் பாதி விஷயம் மூக்கில்தான் இருக்கிறது.

[காட்சி: ஃபெர்கலீகன் பண்ணை. ஐந்து பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் வெள்ளை வீடு.]

சரி, முதல் பண்ணை. சோமர்செட் வெஸ்ட் ஊரில் இருக்கிற ஃபெர்கலீகன். 'தூரத்தில் கிடப்பது' என்று பெயருக்கு அர்த்தம். மாட்டு வண்டிக் காலத்தில் கேப்டவுனிலிருந்து அது தூரம்தான். 1700-ல் அப்போதைய டச்சு கவர்னர் வில்லெம் அட்ரியான் ஃபான் டெர் ஸ்டெல் இந்த நிலத்தைத் தனக்கே வாங்கிக்கொண்டார். திராட்சைக் கொடி, தோப்பு, தண்ணீரில் ஓடும் ஆலை என்று ஆறேழு வருடத்தில் ஒரு சின்ன அரசாங்கமே நடத்தினார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களையும் பொருளையும் சொந்தப் பண்ணைக்குப் பயன்படுத்தினார் என்று மற்ற விவசாயிகள் மேலிடத்துக்கு எழுதிப்போட, 1707-ல் பதவி போனது. அவர் காலத்தில் வைத்த ஐந்து கற்பூர மரங்கள் மட்டும் இன்றும் வீட்டுக்கு முன்னால் நிற்கின்றன. 1942-லேயே அவற்றைத் தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். கிளையை ஒடிக்க வேண்டாம், கீழே கிடக்கிற இலையே போதும்.

இந்த மரத்தடியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டர்பனிலிருந்து ஒரு ஆயா வந்திருந்தார். அங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். ஆயாவுக்குத் தமிழ் பேச வராது, காலையிலிருந்து எல்லாம் ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொண்டு வந்தார். இலையைக் கசக்கி அவர் கையில் கொடுத்தேன். முகர்ந்தவர், "சூடம்!" என்றார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை. இலையைப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வீட்டுக்குச் சற்றுத் தள்ளித்தான் அடிமைகள் தங்கியிருந்த நீளமான கட்டடம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் தொல்லியலாளர்கள் அதன் அடித்தளத்தைத் தோண்டினார்கள். தரைக்கு அடியில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, மரப்பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தார்கள். பல்லில் பதிகிற உணவின் அடையாளம் சிறுவயதில் சாப்பிட்டதைக் காட்டும். எலும்பு, பிற்காலத்தில் சாப்பிட்டதைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டபோது, அந்தப் பெண் வெப்ப நாடு ஒன்றில் வளர்ந்தவர், பின்னாளில் கடல் உணவு நிறையச் சாப்பிட்டவர் என்று தெரிந்தது. எந்த நாடு, என்ன பெயர், எதுவும் மிஞ்சவில்லை. இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். ஒயின் கிளாஸ் எடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் எல்லோரும் சும்மா நிற்போம். எட்டுப் பேர் என்றால் அது முடிகிறது.

[காட்சி: வரைபடம். சோழமண்டலக் கரையிலிருந்து கேப்புக்கு ஒரு கோடு.]

ஏன் இதைத் தமிழில் சொல்கிறேன்? டச்சுக்காரர்கள் இங்கே வந்து இறங்கியது 1652-ல். அன்று முதல், அடிமைகளை இறக்குமதி செய்யக்கூடாது என்று ஆங்கிலேயர் தடை போட்ட 1808 வரை, சுமார் 63,000 பேரைக் கேப்புக்கு, அதாவது கேப்டவுன் இருக்கிற இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். மடகாஸ்கரிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தியாவிலிருந்து, வங்காளம், மலபார், அப்புறம் நம் சோழமண்டலக் கரை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக் கோட்டைகள் இருந்தன. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, சோற்றுக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அதில் பெரும்பாலோர் போனது இலங்கைக்கு. அந்தக் கம்பெனிக் கப்பல்கள் வந்துபோன துறைமுகங்களில் கேப்பும் ஒன்று.

இங்கே வந்ததும் பெயரை மாற்றிவிடுவார்கள். காத்தரினா, அந்தோனி என்று ஏதோ ஒன்று, பின்னால் 'ஃபான் டெ குஸ்ட்' என்று ஒட்டு. 'கரையைச் சேர்ந்தவர்' என்று பொருள். எந்தக் கரை என்று எழுத வேண்டிய அவசியம்கூட அவர்களுக்கு இருக்கவில்லை. நம் கரைதான்.

வில்லெமின் அப்பா சைமன் ஃபான் டெர் ஸ்டெல்தான் 1679-ல் ஸ்டெல்லன்போஷ் ஊரை உண்டாக்கியவர், 1685-ல் கான்ஸ்டான்ஷியாப் பண்ணையை எடுத்து உலகப் புகழ் பெற்ற ஒயினுக்கு வழி வகுத்தவர். அவருடைய தாய்வழிப் பாட்டி மோனிகா, விடுதலை பெற்ற இந்திய அடிமைப் பெண். இந்தக் கவர்னர்களின் குடும்ப மரத்தில் அந்தக் கிளையைத் தேடிப் பாருங்கள் என்று குழந்தைகளிடம் நான் சொல்வதுண்டு.

அடிமை முறை 1834 டிசம்பர் 1-ல் ஒழிந்தது. அதற்குப் பிறகும் நான்கு வருடம் 'பயிற்சி' என்ற பெயரில் பழைய எஜமானிடமே வேலை பார்க்க வைத்தார்கள். முன்பே இருந்த டாப் முறை அதற்கும் பிறகு விடாமல் உட்கார்ந்துகொண்டது. கூலியில் ஒரு பங்கை மலிவான ஒயினாக, நாளுக்குப் பல தடவை ஊற்றிக் கொடுப்பது. சட்டம் தடுத்த பின்னும் பல பண்ணைகளில் 1990-கள் வரை நடந்தது. தாயின் வயிற்றிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகள் உலகத்திலேயே மிக அதிகமாக இருக்கிற பகுதிகளில் இதுவும் ஒன்று. நல்ல ஒயினை நான் ரசித்துத்தான் குடிக்கிறேன். இதையும் சொல்லாமல் யாருக்கும் ஊற்ற மாட்டேன்.

[காட்சி: சாப்பாட்டு மேசை. மஞ்சள் சோறு, பொபூட்டி, சமோசா.]

மதியம் ஸ்டெல்லன்போஷில் சாப்பாடு. கேப் மலாய்ச் சமையல் என்று சொல்வார்கள், பெயர்தான் மலாய். மேலே சொன்ன கரைகள் எல்லாம் ஒரே அடுப்பில் சேர்ந்த சமையல் அது. பொபூட்டி என்றால் கொத்துக்கறியை மஞ்சள், மல்லி, உலர்திராட்சையோடு வதக்கி, மேலே முட்டையும் பாலும் அடித்து ஊற்றி, இலை செருகி அடுப்பில் வேக வைப்பது. முதல் வாய்க்கு இனிப்பு தட்டும், நம் நாக்கு சற்றுத் தடுமாறும். கூட ஊறுகாய் கேளுங்கள், அதை இங்கேயும் அச்சார் என்றுதான் சொல்கிறார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பருப்புக் கறி, உருளைக்கிழங்கு சமோசா, பூசணிப் பணியாரம் கிடைக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தச் சமையலைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். அவர்கள் வீட்டு மேசைக்கும் கடைக்கும் காலையில் வாங்கிய ஒயின் பாட்டிலைக் கொண்டுபோகக்கூடாது. வண்டியிலேயே இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் கூசிஸ்டர் வரும். ஏலக்காயும் சோம்பும் போட்டுப் பிசைந்து, பொரித்து, பாகில் முக்கி, தேங்காய்த்துருவலில் புரட்டியது. மாவில் ஒரு பழத்தோல் பொடியும் போடுவார்கள், அந்தப் பழத்துக்கு இங்கே நார்ச்சி என்று பெயர். கமலா ஆரஞ்சு மாதிரி லேசாக உரியும். சொல் வந்த வழியை அகராதியில் பாருங்கள், 'தமிழ், நாரத்தை' என்று இருக்கும். கட்டிலுக்கு ஆஃப்ரிகான்ஸ் மொழியில் காட்டெல். அதுவும் நம்மிடமிருந்து கிளம்பி மலாய் வழியாக வந்த சொல்தான். பெயரை மாற்றியவர்களால் வாயை மாற்ற முடியவில்லை.

குளிர்காலத்தில் வந்தால் வாட்டர்பிளொமிக்கி என்றொரு கறி கிடைக்கும். குளத்தில் மிதக்கிற வெள்ளைப் பூவை மொட்டோடு பறித்து ஆட்டுக்கறியில் போட்டு மெதுவாக வேக வைப்பது. டச்சுக்காரர்கள் வருவதற்கு வெகு முன்பே இந்த மண்ணின் கோய்கோய் மக்கள் சாப்பிட்டது. நம் ஊர்க் குளத்துச் சேற்றில் தோண்டி எடுக்கிற கொட்டிக்கிழங்குச் செடிக்கு இது நெருங்கிய சொந்தம். அவர்கள் பூவைத் தின்றார்கள், நாம் கிழங்கைத் தின்றோம்.

[காட்சி: ஆற்றோரம். கையில் கல்லாயுதத்தின் மாதிரி ஒன்று.]

இனி நிஜமாகவே பழைய காலம். ஸ்டெல்லன்போஷ் ஊரின் மேற்கு ஓரத்தில் போஸ்மன்ஸ் கிராசிங் என்ற இடம். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, பக்கத்தில் ரயில் பாதை, ஆறு, அவ்வளவுதான். 1899-ல் லூயி பெரிங்கே என்பவர் இங்கே கல் கைக்கோடாரிகளைக் கண்டெடுத்தார். இருபக்கமும் செதுக்கிய, உள்ளங்கையில் அடங்குகிற, கண்ணீர்த்துளி வடிவக் கல். சென்னைப் பக்கம் பல்லாவரத்தில் 1863-ல் நிலவியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்தாரே, அதே வகை. மனிதன் இங்கே எவ்வளவு ஆதியில் நடமாடினான் என்பதற்கு அந்தக் கற்கள் சாட்சியாயின. பழைய புத்தகங்களில் இந்த ஆயுத மரபுக்கு 'ஸ்டெல்லன்போஷ்' என்றே பெயர் இருக்கும், இந்தியாவில் 'மதராஸ்' என்று சொன்ன மாதிரி.

பெரிங்கே உண்மையில் பூச்சி ஆராய்ச்சியாளர். 1886-ல் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் கேப் தோட்டங்களில் தென்பட்டது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்தப் பூச்சி வேரை உறிஞ்சி, தோட்டம் தோட்டமாகக் கொடிகளைக் காயவைத்தது. அதை எதிர்த்துத் தோட்டங்களைச் சோதித்து வந்தவர்களில் அவரும் ஒருவர். கடைசியில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் இங்கத்திய கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பித்தார்கள். நம் ஒட்டு மாங்கன்று மாதிரியே. கொடியின் கால்மாட்டில் குனிந்து பார்த்தால் ஒட்டுப் போட்ட முடிச்சு தெரியும்.

[காட்சி: மாலை வெயில். மேசையில் வரிசையாகக் கிளாஸ்கள்.]

இரண்டாவது பண்ணையை அன்றைய குழுவைப் பார்த்து முடிவு செய்வேன். எங்கே போனாலும் இரண்டு ஒயின் கேட்டு வாங்குவேன். ஒன்று பினோட்டாஜ். 1925-ல் ஸ்டெல்லன்போஷ் பேராசிரியர் பெரோல்ட் இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உருவாக்கியது. கிடைத்தது நாலே நாலு விதை. அவற்றை வீட்டுத் தோட்டத்தில் நட்டுவிட்டு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதர் மண்டிய தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் வந்தபோது, தற்செயலாக அந்த வழியே வந்த இன்னொரு ஆசிரியர் நாற்றுகளைக் காப்பாற்றினார்.

இன்னொன்று ஹானபூட், இனிப்பு ஒயின், மெதுவாகக் குடிக்க வேண்டியது. கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் முதலில் மூக்கில் வையுங்கள் என்பேன். சில மாதம் முன்பு தேனிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வந்திருந்தார், வீட்டில் திராட்சைத் தோட்டம் உள்ளவர். குடிக்கும் பழக்கம் இல்லை, நாள் முழுவதும் சாறுதான் குடித்தார். ஹானபூட்டை மோந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம பன்னீர் திராட்சை இல்லை?" என்றார். ஏறக்குறைய சரி. ஹானபூட் என்பது அலெக்சாண்ட்ரியா மஸ்கட் என்ற பழைய திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சை, அந்த மஸ்கட்டை இன்னொரு வகையோடு கலந்து பிறந்த பிள்ளை. வாசனை அந்த மஸ்கட்டிடமிருந்து வந்தது.

அண்ணன் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வண்டி கிளம்பும் நேரம் வரை கையிலேயே வைத்துக்கொண்டு, கொடி வரிசைகளுக்குள் நடந்துபோய், ஒட்டு முடிச்சு எவ்வளவு உயரத்தில் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நாங்கள் கேப்டவுன் திரும்ப இருட்டிவிட்டது.