மாவுப்பூச்சிக்குள் ஒரு மூவர் குடித்தனம்

[காட்சி: ஆரஞ்சுச் செடியின் கணுவில் பஞ்சுபோல் அப்பியிருக்கும் மாவுப்பூச்சிகள். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

குரல்: இந்த மாவுப்பூச்சி வாழ்நாள் முழுவதும் உறிஞ்சிக் குடிக்கும் செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், ஆனால் உடல் வளர்ச்சிக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. அந்தக் குறையைத் தீர்ப்பவை அதன் வயிற்றுக்குள் தனி உறுப்பொன்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். தேங்காய் ஓட்டுக்குள் பருப்பும் பருப்புக்குள் நீரும் இருப்பதுபோல, பூச்சியின் செல்லுக்குள் டிரெம்பிளயா என்ற பாக்டீரியாவும், அதன் உடலுக்குள்ளேயே மொரனெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவும் வாழ்கின்றன.

[காட்சி: இரு மரபணுத் தொகுதிகளின் வட்டப் படம், ஒன்று பெரியது, ஒன்று மிகச் சிறியது.]

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 46 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் உண்டு. டிரெம்பிளயாவிடம் எஞ்சியிருப்பவை சுமார் 1,39,000 மட்டுமே. புரதம் கட்டுவதற்கு அமினோ அமிலங்களை ஆர்.என்.ஏ.வுடன் இணைத்துத் தரும் நொதிகளில் ஒன்றைக்கூட அதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது. இப்படி வெறுங்கையாகிவிட்ட ஓர் உயிர் எப்படிப் பிழைக்கிறது?

ஒரு காலத்தில் தனி பாக்டீரியாவாக இருந்து, இன்று செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பாகிவிட்ட மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் பல செல்லின் உட்கருவுக்குக் குடிபெயர்ந்ததைப் போல, டிரெம்பிளயாவின் மரபணுக்களும் பூச்சியின் குரோமோசோம்களுக்குப் போயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. பிலிப் ஹுஸ்னிக், ஜான் மெக்கட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. பூச்சியின் மரபணுத் தொகுதியில் பாக்டீரியாக்களிடமிருந்து வந்து இன்றும் செயல்படும் மரபணுக்கள் குறைந்தது 22 இருந்தன. அவற்றில் ஒன்றுகூட டிரெம்பிளயாவுடையது அன்று. பூச்சியின் மூதாதையருக்குள் எப்போதோ புகுந்த வேறு பல பாக்டீரியாக்கள் விட்டுச்சென்றவை அவை. வீட்டில் குடியிருப்பவரின் தேவைக்கு, என்றோ வந்துபோன விருந்தாளியின் கருவிகள் பயன்படுகின்றன என்பதே என்னை மிகவும் வியக்கவைக்கும் செய்தி.

[காட்சி: நுண்ணோக்கிப் படத்தின் மாதிரி, மொரனெல்லாவின் விளிம்பு ஒளிர்கிறது.]

அந்த மரபணுக்களில் சில, பாக்டீரியாவின் செல் சுவருக்கான பெப்டிடோகிளைக்கன் என்ற பொருளைத் தயாரிப்பவை. பூச்சிக்குச் செல் சுவரே கிடையாது; பிறகு எதற்காக இவற்றைக் காத்து வைத்திருக்கிறது? 2019-இல் வெளியான ஆய்வில் விடை கிடைத்தது. மொரனெல்லாவிடம் எஞ்சிய மரபணுக்களும் பூச்சியின் உட்கருவிலுள்ள மரபணுக்களும் சேர்ந்தே அந்தச் சுவரைக் கட்டுகின்றன. அவற்றுள் மர்-எஃப் என்ற நொதி பூச்சியின் மரபணுவிலிருந்து உருவாகி, டிரெம்பிளயாவைக் கடந்து, மொரனெல்லாவின் உள்ளே போய்ச் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் நேரடியாகக் கண்டார்கள். படத்தில் மொரனெல்லாவைச் சுற்றி ஒளிரும் அந்த மெல்லிய கோடு, பூச்சியும் பாக்டீரியாவும் சேர்ந்து கட்டிய சுவர்.