பழஞ்சீலையில எங்க கத்தரி வைக்கிறது?

(காட்சி: வீட்டு முற்றம், காலை வெயில். கொடியில் ஒரு பழைய பருத்திச் சீலை. இரண்டு கைகள் அதை எடுத்து விரித்து வெயிலுக்கு நேரே பிடிக்கின்றன.)

வணக்கம் பிள்ளையள். விசுவமடுவில எங்கட முற்றத்தில நிண்டு கதைக்கிறன். தையல் வீடியோ எண்டு வந்திருப்பியள், ஆனா கத்தரிக்கோலை இப்ப எடுக்காதேங்கோ. முதல்ல உங்கட பழைய சீலை ஒண்டை வெயிலுக்கு நேர பிடிச்சு அதுக்குள்ளால பாருங்கோ.

(கமரா சீலையின் கீழ்க்கரைக்குக் கிட்டப் போகிறது.)

இஞ்ச, கீழ்க்கரையில இருந்து ஒரு சாண் அளவுக்கு வெளிச்சம் ஊடால வருது, தெரியுதே? நடக்கேக்க காலில அடிபட்டு, செம்மண்ணில இழுபட்டு, கல்லில அடிச்சுத் தோய்ச்சு நூல் தேஞ்ச இடம். தோளில பின் குத்துற இடத்தில சின்னச் சின்ன ஓட்டை. கொய்யகம் செருகுற இடத்தில மடிப்புக் கோடு விழுந்து போச்சு, அதையும் நம்பேலாது. ஆனா இடுப்பைச் சுத்தி முதல் சுத்து உள்ளுக்குப் போகுதெல்லே, அந்தப் பக்கத்தைப் பாருங்கோ. வெயில் படாத இடம். சாயமும் மங்கேல்லை, நூலும் இறுக்கமா இருக்குது.

ஒரு சீலை ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். தேஞ்சதைக் கழிச்சாலும் பாதிக்கு மேல உயிரோட இருக்கும். அந்த உயிருள்ள இடம் எது எண்டு கண்டுபிடிக்கிறதுதான் பழந்துணித் தையலில பெரிய வேலை. மிச்சம் நேர்கோடு அடிக்கிறதுதான். அதை ஒரு பின்னேரத்தில பழகலாம்.

சாரம் வேற மாதிரி. அதை உடுத்துக்கொண்டு குந்தி இருக்கேக்க அடியில படுற பக்கம்தான் முதல்ல தேயும். மூட்டின இடத்தைப் பிரிச்சு விட்டால் ரெண்டு மீற்றர் அளவுத் துணி. அதையும் இதே மாதிரி வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்து, மெலிஞ்ச இடத்தைச் சோக்கால வட்டம் போட்டு வையுங்கோ.

(காட்சி: கை ஒரு சிறிய வெட்டுக் கொடுத்து, துணியைக் கிழிக்கிறது. சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும்.)

பருத்தித் துணியெண்டால் நான் வெட்டுறதில்லை, கிழிக்கிறது. கரையில ஒரு சின்ன வெட்டுக் குடுத்து ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தால், நூல் போற வழியிலயே நேராக் கிழியும். கோடு கீறத் தேவையில்லை. அப்பிடி நேராக் கிழிஞ்ச துண்டில தைக்கிற பை ஒரு பக்கம் சரிஞ்சு தொங்காது. கிழியேக்க சத்தத்தையும் கவனியுங்கோ. "சர்ர்" எண்டு கேட்டால் நல்லது. சத்தமில்லாமல் கையோட பிஞ்சு வந்தால் அந்தத் துண்டு மேசை துடைக்கத்தான் சரி.

பழந்துணியில இன்னொரு நன்மை இருக்குது. அது சுருங்க வேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிஞ்சுது. கடையில வாங்கின புதுச் சீத்தையெண்டால் ஒரு இரவு தண்ணியில ஊறவிட்டு, நிழலில காயவிட்டு, மினுக்கிப் போட்டுத்தான் கத்தரி வைக்கோணும். இல்லாட்டி தைச்ச சட்டை முதல் தோய்ப்பிலயே குட்டையாப் போகும்.

இது பருத்தியோ, பொலியெஸ்டரோ எண்டு சந்தேகமெண்டால் ஓரத்தில ரெண்டு நூலை உருவி நெருப்புக்குச்சியால பத்த வையுங்கோ. பருத்தி கடதாசி எரியிற மணத்தோட எரிஞ்சு சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கறுத்த மணி மாதிரி இறுகி நிக்கும். ரெண்டும் கலந்த துணியும் இருக்குது, அதில சாம்பலும் வரும், மணியும் வரும். இதை வெளியில, பக்கத்தில தண்ணிச் சட்டி வைச்சுக்கொண்டு செய்யுங்கோ, சின்னப் பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ.

(காட்சி: மேசையில் கோடு போட்ட சாரத் துணி, இஞ்சி (அங்குல) அளவு டேப்.)

முதல் சாமான், சந்தைக்குக் கொண்டு போற பை. சாரத் துணி மெல்லிசு, அதால ரெண்டு துண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு ஒரே துணி மாதிரிப் பாவிப்பம். அகலம் 16 இஞ்சி, நீளம் 36 இஞ்சி. நீளவாக்கில ரெண்டா மடிச்சால் 18 இஞ்சி உயரம். அடியில தையலே வராது, மடிப்புத்தான். பாரம் முழுக்க அடியிலதானே இருக்கும், அங்க தையல் இல்லாதது பெரிய பலம்.

பக்கங்களை அடிக்கிற விதத்தை நிதானமாப் பாருங்கோ. வழமையா நல்ல பக்கம் ரெண்டையும் உள்ளுக்கு வைச்சுத் தைப்பம். இதில மாறி. உட்பக்கம் ரெண்டும் ஒட்டியிருக்க, நல்ல பக்கம் வெளியில தெரிய வைச்சு, ஓரத்தில இருந்து காலிஞ்சியில ஒரு தையல். பிறகு பிசிறை அரைவாசியாக் கத்தரிச்சு விட்டு, பையை உட்புறம் வெளியில திருப்பி, ஓரத்தை நகத்தால நல்லா இழுத்து மடிச்சு, அதிலயிருந்து எட்டில மூண்டு இஞ்சியில, அதாவது காலிஞ்சிக்கும் அரை இஞ்சிக்கும் நடுவில, மற்றத் தையல். முதல் தையலின்ர பிசிறு ரெண்டாந் தையலுக்குள்ள பூட்டுப்பட்டுப் போகும். ஓவர்லொக் மெசின் இல்லாட்டியும் நூல் பிரியாது.

(காட்சி: தையல் ஓரம் மட்டும், மிக அருகில். பின்னணி இசை வேண்டாம்.)

இந்த ரெட்டைத் தையலை அடிக்கேக்க எனக்கு 2009, வன்னியில கடைசிச் சண்டைக் காலம் ஞாபகம் வரும். மாத்தளனிலயும் முள்ளிவாய்க்காலிலயும் பங்கருக்கு மண்மூட்டை வேணும், சாக்கு இல்லை. சனம் பெட்டியில இருந்த சீலையளை எடுத்து மூட்டை தைச்சது. கூறைச் சீலையையும் வெட்டினம். கடற்கரை மணல் நல்ல பாரம். ஒரு தையல் போட்ட மூட்டை தூக்கேக்கயே வாயைப் பிளந்தது. ரெண்டாந்தரம் அடிச்சது நிண்டுது. நான் தையல் பழகின வகுப்பில ஒருத்தரும் அதைச் சொல்லித் தரேல்லை, அங்கதான் பழகினன். அதுக்குப் பிறகு பாரம் தாங்குற எதுக்கும் நான் ஒத்தைத் தையல் போடுறதில்லை.

சரி, பைக்கு வாறம். அடி மூலையைப் பிடிச்சு, பக்கத் தையல் அடி மடிப்புக்கு நேர மேல வாற மாதிரித் தட்டையா விரிச்சால் ஒரு முக்கோணம் வரும். நுனியில இருந்து 2 இஞ்சி அளந்து குறுக்க ஒரு கோடு அடியுங்கோ. மற்ற மூலையிலயும் அப்பிடியே. இப்ப பைக்கு 4 இஞ்சி அகலமான அடி கிடைச்சிட்டுது. நிலத்தில வைச்சால் நிக்கும். மேல்வாயை முதல்ல அரை இஞ்சி, பிறகு ஒண்டரை இஞ்சி மடிச்சு அடியுங்கோ. பிடிக்கு 4 இஞ்சி அகலம், 22 இஞ்சி நீளத்தில ரெண்டு துண்டு. நாலா மடிச்சால் 1 இஞ்சிப் பட்டி, ரெண்டு ஓரமும் அடிக்கோணும். அதை வாய் மடிப்பில வைச்சு ஒரு சதுரம் அடிச்சு, சதுரத்துக்குள்ள மூலைக்கு மூலை குறுக்குக் கோடும் அடியுங்கோ. என்ர பையில 5 கிலோ அரிசியும் ஒரு தேங்காயும் புதுக்குடியிருப்புச் சந்தையில இருந்து வரும்.

(காட்சி: கைத்தையல். ஊசி, நூல், துணி மட்டும்.)

மெசின் இல்லாத ஆக்கள் யோசிக்காதேங்கோ. கையால பின்தையல் போடலாம். ஊசியை மேல எடுத்து, ஒரு தையல் பின்னுக்குப் போய்க் குத்தி, அடியால ரெண்டு தையல் தூரம் முன்னுக்கு வந்து எடுக்கிறது. ஒவ்வொரு தையலும் முன்னையதைப் பிடிச்சுக்கொண்டு போகும். ஒரு இடத்தில நூல் அறுந்தாலும் முழுக்க உருவுப்படாது. வெறும் ஓட்டுத்தையலுக்கு அந்தப் பலம் இல்லை, அதைப் பைக்குப் போடாதேங்கோ.

மெசின் இருந்தும் தைக்காமல் இருக்கிற ஆக்களோடதான் எனக்குக் கொஞ்சம் கூடக் கதைக்க வேணும். மீளக் குடியேறின காலத்தில வன்னியில எத்தினையோ வீட்டுக்கு வாழ்வாதாரம் எண்டு தையல் மெசின் குடுத்தவை. போற வீடுகளில பாக்கிறன், மூலையில துணி மூடிக் கிடக்குது, மேல புத்தகப் பை. கேட்டால் "அக்கா, அது பழுது, அடியில நூல் சிக்குது" எண்டு சொல்லுவினம். ஒரு தாய் அழாக்குறையா அதைச் சொன்னா. அந்த மெசினில ஒரு பழுதும் இல்லை.

(காட்சி: மெசினின் தலைப்பகுதி. கை, அழுத்துங் காலை உயர்த்துகிறது.)

அடியில குஞ்சம் குஞ்சமா நூல் சேர்ந்தால் எல்லாரும் அடிநூல் சுத்தி வைக்கிற பொபினைத்தான் திருகுவினம். காரணம் அனேகமா மேல் நூல். துணியை அமத்துற காலைத் தூக்கிப் போட்டுத்தான் நூல் கோர்க்கோணும். கால் கீழ இருந்தால் நூலை இறுக்குற ரெண்டு தட்டும் மூடியிருக்கும், நூல் அதுக்குள்ள போகாமல் மேலால வழுக்கும். காலைத் தூக்கி, நூலை முழுக்க உருவி, திரும்பக் கோர்த்துப் பாருங்கோ.

அடுத்தது ஊசி. ஊசியில ஒரு பக்கம் நீளமா ஒரு பள்ளக் கோடு இருக்கும். எந்தப் பக்கத்தால நூல் ஊசிக் கண்ணுக்குள்ள போகுதோ, அந்தப் பள்ளம் அந்தப் பக்கம் பாத்திருக்கோணும். மாறிப் போட்டால் தையல் விடுபடும். இலக்கமும் இருக்குது. மெல்லிய துணிக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, டெனிமுக்கு 16.

எண்ணெய் விசயத்தில மட்டும் நான் கண்டிப்பாத்தான் சொல்லுவன், தேங்காய் எண்ணெய் விடாதேங்கோ. அது நாள் போகப் போகப் பிசினாகி, எங்கட புழுதியையும் சேர்த்துப் பிடிச்சு, மெசினை இறுக்கிப் போடும். மெசின் எண்ணெய் ஒரு சின்னப் போத்தில் வாங்கினால் கனகாலத்துக்குக் காணும். விட்ட பிறகு ஒரு கழிவுத் துணியில நாலு வரி அடியுங்கோ, இல்லாட்டி முதல் சட்டையில கறை விழும்.

(காட்சி: தலையணை, நீளமான சீலைத் துண்டு.)

இனித் தலையணை உறை. சிப் இல்லை, தெறி இல்லை. சீலையின்ர உள்சுத்துத் துண்டு இதுக்குத்தான். உங்கட தலையணையின்ர நீளத்தை ரெண்டால பெருக்கி 8 இஞ்சி கூட்டுங்கோ. அகலத்துக்கு 2 இஞ்சி கூட்டுங்கோ. 26 இஞ்சிக்கு 18 இஞ்சித் தலையணையெண்டால் துணி 60க்கு 20. ரெண்டு குறுகின ஓரத்தையும் ஒவ்வொரு இஞ்சி மடிச்சு அடிச்சு வையுங்கோ.

துணியை நல்ல பக்கம் மேல தெரிய விரியுங்கோ. ஒரு நுனியை 26 இஞ்சி மேல மடியுங்கோ. மற்ற நுனி 6 இஞ்சி வெளியில நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் அதுக்கு மேலால மடிச்சு விடுங்கோ. இப்ப மேலயும் கீழயும் அரை இஞ்சியில ரெண்டு தையல், அவ்வளவுதான். திருப்பினால் அந்த 6 இஞ்சி உள்ளுக்குப் போய்ப் பையின்ர மூடி மாதிரி நிக்கும். தலையணை அதுக்குள்ள அடங்கும், பிள்ளை எவ்வளவு உருண்டாலும் வெளியில வராது. அம்மாவின்ர சீலையில தைச்ச உறையில அவ இல்லாத வீட்டில படுக்கிற பிள்ளைக்கு அது வெறும் உறை இல்லை. கொழும்புக்குப் படிக்கப் போன என்ர மகளுக்கு அப்பிடி ரெண்டு தைச்சுக் குடுத்து விட்டனான்.

குசினிக்குச் சட்டி இறக்குற துணி கெதியாச் சொல்லுறன். பழைய டெனிம் காற்சட்டையில 8 இஞ்சிச் சதுரம் ரெண்டு, நடுவில பழைய பருத்தித் துவாய் ரெண்டு மடிப்பு, சுத்தி அடிச்சு, நடுவிலயும் குறுக்கும் மறுக்குமாக் கோடு அடிச்சு விடுங்கோ. பொலியெஸ்டர் ஒரு துண்டும் உள்ளுக்குப் போகக் கூடாது. விறகடுப்பில சூடான சட்டியைப் பிடிக்கேக்க அது உருகித் தோலோட ஒட்டும். நெருப்புக்குச்சிச் சோதினை இதுக்குக் கட்டாயம். துணி ஈரமா இருக்கேக்கயும் சட்டியைப் பிடிக்காதேங்கோ, சூடு கெதியாக் கைக்கு வரும்.

(காட்சி: வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை, கீழ்மடிப்பு.)

கடைசியாப் பள்ளிக்கூடச் சட்டை. பிள்ளை வளருது, சட்டை வளராது. அரசாங்கம் குடுக்கிற வெள்ளைத் துணியில தைக்கேக்கயே கீழ்மடிப்பை 4 இஞ்சி விடுங்கோ. அதை மெசினில அடிக்காமல் கையால, ரெண்டு நூலை மட்டும் பிடிச்சு எம்மிங் போடுங்கோ. மெசினில அடிச்சால் பிரிக்கேக்க ஊசி ஓட்டை வரிசையாத் தெரியும், வெள்ளையில அதை மறைக்கேலாது. உயரம் கூடேக்க 2 இஞ்சி இறக்குங்கோ, மிச்சம் 2 அடுத்த தரத்துக்கு. பழைய மடிப்புக் கோடு நிக்குமெல்லே, அதுக்கு வினாகிரியும் தண்ணியும் சம அளவில கலந்து, துணியில தொட்டு, கோட்டில பூசி, மேல ஒரு வெள்ளைத் துணி வைச்சு மினுக்குங்கோ. அதுக்கு முதல் கோட்டில படிஞ்ச புழுதியை சவர்க்காரம் போட்டுத் தோய்ச்சிருக்கோணும். அழுக்கோட மினுக்கினால் கோடு நிரந்தரமா இருந்திடும்.

(காட்சி: மேசையில் மீந்த, மெலிந்த துணிக் கீலங்கள். பிறகு வீட்டுக்குப் பின்னால் பாவற்பந்தல்.)

நாங்கள் முதல்ல சோக்கால வட்டம் போட்டுக் கழிச்ச மெலிஞ்ச துண்டுகள் இவை. தைக்க ஏலாது. ஒரு இஞ்சி அகலத்தில கிழிச்சு வைச்சிருக்கிறன். வாங்கோ, பின்னுக்குப் போவம். இந்தப் பாவற்கொடியைப் போன வருசம் நைலோன் கயிற்றால கட்டி, காத்துக்கு ஆடி ஆடி, கயிறு தண்டை அறுத்துப் போட்டுது. இந்த முறை சீலைக் கீலத்தாலதான் கட்டினது. எட்டு மாதிரி ஒரு சுத்துச் சுத்தி, தடியில முடிச்சு, தண்டில தளர்வு. இஞ்ச, பூ வந்திட்டுது.