வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி எதற்கு? ஒளிக்கூச்சம் பற்றி ஒரு விளக்கம்

(காட்சி: நண்பகல். திரைகள் மூடிய அறை. கறுப்புக் கண்ணாடி அணிந்து சுவரோரம் அமர்ந்திருக்கும் ஒரு பெண்.)

வெளியே உச்சி வெயில் அடிக்கிறது. இந்த அறையில் ஜன்னல் திரைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டிருக்கின்றன, டியூப்லைட்டும் எரியவில்லை, அப்படியிருந்தும் இந்தப் பெண் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. சமையலறைக் கதவு திறக்கும்போது கீற்றாக விழும் வெளிச்சத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மூன்று மாதங்களுக்கு முன்பு இவருக்கு வெயிலில் போனால் மட்டும்தான் கண் கூசியது. இன்று தன் வீட்டுக் கூடத்தில்கூட உட்கார முடியாத நிலைக்கு அவர் எப்படி வந்தார் என்பதையும், அதிலிருந்து வெளியே வரும் வழியையும் இந்த வீடியோவில் பார்ப்போம்.

மருத்துவர்கள் இதனை ஃபோட்டோஃபோபியா என்கிறார்கள். கிரேக்க வேர்களைக் கொண்டு பார்த்தால் ஒளியைக் கண்டு அஞ்சுதல் என்று அதற்குப் பொருள் வரும். நாம் சொல்லும் ‘கூச்சம்’ என்ற சொல்லே உண்மைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். குளிர்ந்த தண்ணீர் பட்டுப் பல் கூசினால் தண்ணீரில் குறை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. பல்லைத்தான் காட்டிப் பார்க்கிறோம். கண் கூசும்போது மட்டும் வெளிச்சத்தைக் குறை சொல்லி, அதை மறைப்பதிலேயே நின்றுவிடுகிறோம்.

(காட்சி: கண்ணின் குறுக்குவெட்டுப் படம். நரம்புகள் ஒளிர்கின்றன.)

விழித்திரைக்குத் தானாக வலியை உணரும் ஆற்றல் இல்லை. கண்ணின் வலி, முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாவது கபால நரம்பின் வழியாகவே போகிறது. இந்த நரம்பின் நுனிகள், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியில் மிக நெருக்கமாகப் பரவியிருப்பதால்தான் ஒரு தூசி விழுந்தாலும் நம்மால் பொறுக்க முடிவதில்லை. பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்னும் நிறமியைக் கொண்ட வேறு சில செல்களும் விழித்திரையில் உள்ளன. இவை ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. 2010இல் பாஸ்டனில் ரோட்ரிகோ நொசேடா, ராமி பர்ஸ்டீன் ஆகியோரின் குழு, பார்வையற்ற ஒற்றைத் தலைவலி நோயாளிகளை ஆராய்ந்தது. உருவம் எதுவும் தெரியாவிட்டாலும் வெளிச்சத்தை உணரக்கூடியவர்களுக்கு வெளிச்சம் தலைவலியைக் கூட்டியது. கண்ணோ பார்வை நரம்போ முற்றிலும் செயலற்றுப்போனவர்களுக்குக் கூட்டவில்லை. மெலனாப்சின் செல்களிலிருந்து வரும் செய்தி, தலைவலியை எடுத்துச்செல்லும் செல்களை மூளையின் தலாமஸ் பகுதியில் சென்றடைகிறது என்பதை அதே குழு எலிகளிடம் காட்டியது. ஆகவே, ஒற்றைத் தலைவலி வந்தவர் விளக்கை அணைக்கச் சொல்லும்போது மிகைப்படுத்துகிறார் என்று வீட்டார் எண்ணக்கூடாது.

எனவே, எதனால் கூசுகிறது என்பதுதான் முதல் கேள்வி. மிகச் சாதாரணமான காரணம் கண் உலர்வு. கைப்பேசித் திரையைப் பார்க்கும்போது இமைப்பது வெகுவாகக் குறைகிறது. அதோடு மின்விசிறியின் காற்றோ ஏசி காற்றோ நேராக முகத்தில் அடித்தால் கண்ணீர்ப் படலம் காய்ந்து, கருவிழி நரம்புகள் எளிதில் உறுத்தலுக்கு ஆளாகின்றன.

கண்ணின் உள்ளே ஏற்படும் யுவைடிஸ் என்னும் அழற்சி இன்னும் கவனம் வேண்டுவது. 1993 இறுதியில் பெய்த பெருமழை, வெள்ளத்துக்குப் பிறகு மதுரை வட்டாரத்தில் பலர் சிவந்த, கூசும் கண்களோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். ஆராய்ந்தபோது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி அதற்குப் பின்னால் இருந்தது தெரியவந்தது. இந்த அழற்சியைக் கண்டறிய மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை ஒன்று உண்டு. வலிக்கும் கண்ணைக் கையால் மூடிவிட்டு, நல்ல கண்ணில் டார்ச் ஒளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி உள்ளே செல்லும் துளையான பாவை இரு கண்களிலும் எப்போதும் ஒன்றாகவே சுருங்குவதால், மூடியிருக்கும் கண்ணின் வீங்கிய தசையும் இழுபட்டு அந்தக் கண் வலிக்கும்.

யுவைடிஸுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான் முக்கியச் சிகிச்சை. ஆனால் கதிர் அறுக்கும்போது நெல் தாள் கீறி, கருவிழியில் பூஞ்சைப் புண் வந்தவருக்கும் இதே போலத்தான் கண் சிவக்கும், நீர் வடியும், கூசும். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டு விட்டால் பூஞ்சை பெருகிக் கருவிழியே கரைந்துபோகும் அபாயம் உண்டு. முறையீடு ஒன்றாக இருந்தாலும் ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு நஞ்சாகிறது. மருந்துக் கடையில் அறிகுறியைச் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்ளும் பழக்கத்தை நான் இவ்வளவு அழுத்தமாக எதிர்ப்பதற்கு இதுவே காரணம்.

வெல்டிங் பட்டறையில் கவசமின்றித் தீப்பொறியைப் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. 6 முதல் 12 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எழுந்து உட்காருவார். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டது. தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டால் அந்தப் புண்ணில் கிருமிதான் சேரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து உடனே சுகம் தரும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறவே ஆறாது. முறையான சிகிச்சையில் இது பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

(காட்சி: தாயின் தோளில் முகம் புதைத்திருக்கும் கைக்குழந்தை.)

சொல்லத் தெரியாதவர்களின் கூச்சத்தை நாம்தான் கவனிக்க வேண்டும். வாசலுக்குத் தூக்கிவந்தாலே முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டு, எப்போதும் கண்ணில் நீர் வடியும் ஒரு குழந்தையைப் பார்த்து, கண் எவ்வளவு பெரிதாக, அழகாக இருக்கிறது என்று உறவினர்கள் மெச்சுவதுண்டு. பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் அகலமே இருக்கும். ஒரு வயதுக்குள் அது 12 மில்லிமீட்டரைத் தாண்டினால் பிறவிக் கண் நீரழுத்தம் (குளுக்கோமா) இருக்கக்கூடும். இதைத் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பக் கிடைக்காது. அதேபோல் கூச்சத்தோடு காய்ச்சலும், கழுத்து விறைப்பும், வாந்தியும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அது கண் மருத்துவரிடம் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை, நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ஒரு கண் மட்டும் சிவந்து வலித்துப் பார்வை மங்கினாலோ, கான்டாக்ட் லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்து கூசினாலோ, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அறையில் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு வருவோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். வீட்டுக்குள் சில நூறு லக்ஸ்தான். வெயிலுக்கான கண்ணாடியை வீட்டுக்குள்ளும் அணிந்தால் விழித்திரை இருட்டுக்குப் பழகித் தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அதன்பின் சாதாரண விளக்கே வெயிலாகச் சுடுகிறது, அதனால் இன்னும் இருட்டைத் தேடுகிறார், கூச்சம் இன்னும் வளர்கிறது. வெளியே செல்லும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும், குடையோ அகல விளிம்புத் தொப்பியோ அவசியம் வேண்டும். வீட்டு வாசலுக்குள் வந்ததும் அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும்.

ஒற்றைத் தலைவலியால் கூச்சம் உள்ளவர்கள் எஃப்.எல். 41 என்ற இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடியை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். இது எல்லா ஒளியையும் இருட்டாக்காமல், தொல்லை தரும் நீலப்பச்சைப் பகுதியை மட்டும் குறைக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்து 1991இல் வெளியான சிறு ஆய்வொன்றில், இதை அணிந்த குழந்தைகளுக்கு மாதம் சராசரியாக 6.2 முறை வந்த தலைவலி 1.6 முறையாகக் குறைந்தது.

விளக்கின் துடிப்பும் கண்ணைத் தொல்லைப்படுத்தலாம். கைப்பேசிக் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து விளக்கைப் படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தாலோ கோடுகள் ஓடினாலோ அந்த விளக்கை மாற்றுவது நல்லது. விளக்கு கண்ணில் நேராகப் படாமல், சுவரில் பட்டுத் திரும்பும்படி வைத்தால் அதே வெளிச்சம் மென்மையாகிவிடும்.

காரணத்துக்குச் சிகிச்சை தொடங்கிய பிறகு, மருத்துவரின் ஒப்புதலோடு, இருட்டிலிருந்து மெல்ல வெளியே வர வேண்டும். முதல் சில நாள்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி, திரையை ஒரு சாண் மட்டும் விலக்கி, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் கால் மணி நேரம் உட்காரலாம். அது பழகியதும் அரை மணி நேரம், பிறகு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திரும்பி, திரையைப் பாதி விலக்கி அமரலாம். ஒரு நாள் கூச்சம் கூடினால், பழையபடி அறையை இருட்டாக்காமல், முந்தைய நாள் எவ்வளவு வெளிச்சத்தில் நிம்மதியாக இருக்க முடிந்ததோ அந்த அளவிலேயே மேலும் இரண்டு நாள் இருந்துவிட்டு, அதன் பின் திரையை விலக்கலாம்.