கரையில் உட்கார்ந்திருக்கும் அப்பா

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு வெளிநாட்டுச் சுற்றுலா கிளம்பும் வீடு ஒன்றில் பெட்டி கட்டுவதைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் உடை, நீச்சல் கண்ணாடி, கையில் மாட்டும் மிதவை எல்லாம் ஒரு மாதம் முன்பே வந்து இறங்கியிருக்கும். அம்மா தனக்கு வேண்டியதை நாலு இடம் பார்த்து, போட்டுப் பார்த்து எடுத்திருப்பார். அப்பா? கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டு, பழைய ஷார்ட்ஸ் ஒன்றை இழுத்து, "இது போதும்" என்று பெட்டியில் போடுவார். அங்கே போனதும் எல்லோரும் தண்ணீரில் இருப்பார்கள். அப்பா மட்டும் கரையில், நாலு பேர் செருப்புக்கும் துண்டுக்கும் காவலாக.

நான் நீச்சல் கற்றுக்கொடுக்கிறவன். கரையில் உட்கார்ந்திருக்கும் இந்த அப்பாக்களை நிறையவே பார்த்திருக்கிறேன். நீச்சல் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஆனால் நனைந்தால் ஷார்ட்ஸ் இடுப்பில் நிற்குமா, உடம்போடு ஒட்டி ஊரே பார்க்குமா என்ற கவலையில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இன்றைக்கு ஆண்களின் நீச்சல் உடை பற்றிய இந்தப் பேச்சு.

முதலில் என் கதை. பிரான்சில் ஒரு பொது நீச்சல் குளத்துக்குக் குடும்பத்தோடு போனோம். முழங்கால் வரைக்கும் தொளதொளவென்று தொங்கும் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைக்கிறேன், விசில் ஊதிவிட்டார்கள். காவலர் என் ஷார்ட்ஸைக் காட்டி விரலை ஆட்டினார். அப்புறம்தான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். தொளதொள ஷார்ட்ஸின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒட்டிப்பிடிக்கும் குட்டி ஜட்டி ஒன்று, அதற்கு மட்டும் பச்சை அடையாளம். வாசலில் ஓர் இயந்திரம். காசு போட்டால் பிஸ்கட் விழுவது போல அந்த ஜட்டி விழுகிறது! வேறு வழியில்லாமல் வாங்கினேன். என் அளவு தீர்ந்துபோயிருந்தது. ஓர் அளவு சிறிதாகப் போட்டுக்கொண்டு வந்த என்னைப் பார்த்து மகள் கேட்டாள்: "அப்பா, நீ என்ன ஒலிம்பிக்ஸுக்கா போறே?"

அந்த விதி வீம்புக்காக வைத்ததல்ல. தொளதொள ஷார்ட்ஸைக் காலையில் மாட்டினால், அதோடே தெருவில் நடப்போம், மண்ணில் உட்காருவோம், சாப்பிட்டுவிட்டுக் கையையும் அதிலேயே துடைப்போம். அந்த அழுக்கெல்லாம் குளத்துக்கு வரும். வியர்வை, சிறுநீர் போன்றவை தண்ணீரில் உள்ள குளோரினோடு சேரும்போது குளோரமின் என்ற பொருள் உண்டாகிறது. குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம் இதுதான். 'குளோரின் வாடை பலமா இருக்கு, தண்ணி சுத்தமா இருக்கும்' என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இத்தாலியிலும் பல குளங்களில் தலைக்குத் தொப்பி இல்லாமல் இறங்க முடியாது.

இப்படி இடத்துக்கு இடம் விதி மாறும். பார்சிலோனாவில் 2011 முதல், கடற்கரையை விட்டு நகரத் தெருவுக்குள் நீச்சல் உடையோடு நடந்தால் அபராதம் விதிக்கலாம். மாலத்தீவில் உல்லாச விடுதித் தீவில் எதைப் போட்டாலும் கேட்க மாட்டார்கள். மக்கள் குடியிருக்கும் தீவில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய கடற்கரையை விட்டு வெளியே வந்தால் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். பார்படோஸில் ராணுவ உடை போலப் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டான துணியைப் பொதுமக்கள் போடுவதே சட்டப்படி குற்றம். குழந்தைக்கும் விலக்கில்லை. நீச்சல் ஷார்ட்ஸில் அந்த டிசைன் சர்வ சாதாரணம் என்பதால் சொல்கிறேன். ஜப்பானின் வெந்நீர் ஊற்றுக் குளியலிடங்களில் கதையே தலைகீழ்: வழக்கமான ஊற்றுகளில் ஆண்கள் பகுதி தனி, அங்கே எந்த உடையும் கூடாது. ஐஸ்லாந்தில் குளத்தில் இறங்கும் முன் உடை முழுவதையும் களைந்து சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், அப்புறம்தான் நீச்சல் உடை. ஆகவே உடை வாங்குவதற்கு முன்னால் போகிற விடுதிக்கோ குளத்துக்கோ இரண்டு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அப்படியானால் ஜட்டியா, ஷார்ட்ஸா? நடுவில் ஒன்று இருக்கிறது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை தொடையோடு ஒட்டி நிற்பது. ஜாமர் என்பார்கள். சர்வதேசப் பந்தயங்களில் 2010 முதல் ஆண்களுக்கு அனுமதிக்கப்படும் உடை தொப்புளுக்கு மேலேயும் போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. அந்த எல்லைக்குள் அதிகம் மூடுவது இதுதான். கூச்சப்படுகிறவருக்கு ஜட்டியைவிட இது எவ்வளவோ மேல். ஒட்டிய உடை கேட்கும் குளங்கள் பலவற்றில் இதை ஏற்றுக்கொள்கிறார்கள். கடற்கரைக்குத் தொளதொள ஷார்ட்ஸ், குளத்துக்கு ஜாமர் என்று இரண்டு எடுத்துப் போங்கள் என்பேன். ஒன்று காயும்போது ஒன்றைப் போடலாம். ஈர ஷார்ட்ஸில் மறுபடியும் காலை நுழைப்பதைப் போல எரிச்சல் வேறில்லை.

துணி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பருத்தி வேண்டாம். தண்ணீரைக் குடித்து, கனத்து, இடுப்பை விட்டு இறங்கும், லேசில் காயாது. நைலானும் பாலியஸ்டரும் நூலுக்குள் நீரை அதிகம் வாங்குவதில்லை; மேலே நிற்கும் ஈரத்தை உதறினால் பாதி போய்விடும். இழுத்தால் நீளும் தன்மை ஸ்பான்டெக்ஸ் என்ற இழையால் வருவது, 1958-ல் கண்டுபிடித்தது. இதற்குக் குளோரின் பகை. ஒரு கோடை முழுக்கக் குளத்தில் போட்ட உடை பின்பக்கம் தொங்கிப்போவது அதனால்தான். தினமும் குளத்தில் இறங்கப்போகிறீர்கள் என்றால் பி.பி.டி. என்ற பாலியஸ்டர் கலந்ததா என்று உள்ளே தைத்திருக்கும் விவரச் சீட்டில் பாருங்கள். அது குளோரினுக்கு நன்றாகத் தாங்கும்.

இப்போது கடைக்குள் போவோம். ஷார்ட்ஸை எடுத்ததும் கலரைப் பார்க்காதீர்கள், உள்ளே கையை விடுங்கள். உள்ளே ஒரு வலைத்துணி தைத்திருக்கும். புறங்கையால் அதைத் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது நாளை உங்கள் தொடை இடுக்கில் உப்புத் தண்ணீரோடும் மணலோடும் சேர்ந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். மத்தியானத்துக்குள் கால்களை அகட்டி நடக்க ஆரம்பித்துவிடுவீர்கள். இரண்டாம் நாள் நீங்களும் கரையில்தான். வலைக்குப் பதிலாக மெல்லிய ஒட்டுத்துணியில் உள்ளாடை தைத்த ஷார்ட்ஸ் இப்போது வருகிறது, தொடை உரசாது. கொஞ்சம் கூடுதலானாலும் கொடுக்கலாம். சிறுவனுக்கு வாங்கும்போது வலையின் கண்களைக் கட்டாயம் பாருங்கள், பெரிதாக இருந்தால் எடுக்காதீர்கள். மென்மையான தோல் அதில் சிக்கிக்கொண்டால் குழந்தை துடித்துப்போகும்.

அடுத்து பாக்கெட். அடியில் வலையோ, பித்தளை வளையம் வைத்த ஓட்டையோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் காற்று அடைத்து இரண்டு பக்கமும் பலூன். ஏறும்போது இரண்டு பக்கமும் வாளி. பாக்கெட்டில் வாடகைக் காரின் ரிமோட் சாவியோடு கடலில் இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அன்றைய பொழுது கடற்கரையில் கழியவில்லை, கார் நிறுத்துமிடத்தில் கழிந்தது.

பிறகு நாடா. இலாஸ்டிக்கை மட்டும் நம்பி அலையில் போகக் கூடாது. அலை திரும்பும்போது காலடி மணலையே உருவிக்கொண்டு போகும், ஷார்ட்ஸ் எந்த மூலை? முன்பக்கம் சும்மா அழகுக்குத் தொங்கும் நாடா நிறைய வருகிறது. இழுத்துப் பாருங்கள், இடுப்பு சுருங்க வேண்டும். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று வயிற்றை எக்கிக்கொள்ளாதீர்கள். குந்துங்கள். ஒரு காலைப் பெஞ்சில் தூக்கி வையுங்கள். குழந்தையைத் தூக்குவது போலக் குனிந்து எழுந்திருங்கள். பின்பக்கம் இறங்கவில்லை என்றால் எடுக்கலாம். வெள்ளை, வெளிர் மஞ்சள் எல்லாம் நனைந்தால் கண்ணாடிதான். உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்து, விரல் தெரிந்தால் எடுத்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிட்டுவிடுங்கள். எம், எல் என்ற எழுத்துகளை நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டேப்பால் இடுப்பை அளந்துகொண்டு அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். தொப்பையோ, தழும்போ, காரணம் எதுவானாலும் இருக்கட்டும். முழுக்கை நீச்சல் பனியன் போட்டுக்கொள்ளுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெயிலுக்கும் அது காப்பு. யூ.பி.எஃப். 50 என்று போட்டிருந்தால், துணியில் படும் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். முதுகில் களிம்பு பூசச் சொல்லி யாரையும் தேட வேண்டாம். பிரான்சில் சில குளங்களில் இதற்கும் தடை உண்டு என்பதை மறக்காதீர்கள். வட ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் மே வரை கொடிய விஷ ஜெல்லி மீன் காலம். அங்கே கடலில் இறங்குவதென்றால் உடம்பு முழுக்க மூடும் மெல்லிய உடை வேண்டும்.

சிறுவர்களுக்கு நிறம் உயிர் சம்பந்தப்பட்டது. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் கரைந்துவிடும். இரண்டடி ஆழத்தில் இருக்கும் பிள்ளையைத் தலைக்கு மேலிருந்து தேட வேண்டியிருக்கும். பளிச்சென்ற ஆரஞ்சு, மின்னும் மஞ்சள் வாங்குங்கள். பதின்வயதுப் பையனா? அவனையே எடுக்க விடுங்கள். அப்பா எடுத்ததை அவன் போட மாட்டான்.

உப்பானாலும் குளோரினானாலும், அறைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் போடுங்கள். கடைசி நாள்தான் சிக்கல். விமானம் ஏறும் நாள் காலையில் ஒரு முங்கு போடாமல் எந்தப் பிள்ளையும் கிளம்பாது. எத்தனை பேரோ அத்தனை ஈர உடை. தண்ணீர் கசியாத பை ஒன்று வேண்டும். போன தடவை அந்தப் பையை எடுத்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. மறந்துவிட்டேன். நாலு ஈர உடைகளும் என் சட்டைகளுக்கு நடுவேதான் பயணம் செய்தன. என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தன் பெட்டியை மட்டும் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார்.

வணக்கம்.